ஹார்லன் தொட்டால் கிழங்கு

அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், நார்ட்விக் லூதரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில், ஹார்லன் ட்வைட் தன் மனைவி சுட்ட எலுமிச்சைக் கேக்கில் ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனபோது, அது ஒரு பிடி கோதுமையாகவும், ஒரு முழு எலுமிச்சம்பழமாகவும், ஒரு முட்டையாகவும், கொஞ்சம் பாலாகவும், மண் காயாத ஒரு கிழங்காகவும் ஆனது. கோதுமை மேஜையில் சிதறியது. பால் அவன் சட்டைக் கைக்குள் ஓடியது. முட்டை தரையில் விழுந்து உடைந்தது. அந்த வாரம் கிழங்கு டன்னுக்கு நாற்பத்தெட்டு டாலருக்குப் போய்க்கொண்டிருந்தது. மழை பெய்த வருஷத்துக்கு அது நல்ல விலைதான்.

நார்ட்விக்கில் கிழங்கு என்றால் ஒன்றுதான். வெள்ளையாக, ஆட்டுத்தலை கனத்தில், லாரி லாரியாகச் சர்க்கரை ஆலைக்குப் போகிற பீட்ரூட் வகை. ஊரில் பாதிப்பேர் அதை விதைத்தார்கள், மீதிப்பேர் அதை ஆலையில் சீவி, வேகவைத்து, வெளுத்து, மூட்டை கட்டினார்கள். ஹார்லன் மூட்டை கட்டுகிறவன். ஆகவே மேஜையில் உருண்ட கிழங்கைப் பார்த்து யாரும் கூச்சல் போடவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த வெர்னா ஸ்கோகன் மட்டும் அதை முள்கரண்டியால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, "ஆர்டிஸ், இன்னிக்கு மாவைச் சரியாக் கலக்கலையோ?" என்று கேட்டாள்.

ஆர்டிஸ் ட்வைட்டுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அவள் தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துக் கணவன் கையில் வைத்தாள். அதுவும் கோதுமையாயிற்று. இன்னொன்று. அதுவும். பாஸ்டர் ஜெபத்தை முடித்துக்கொண்டு வந்து பார்த்தபோது ஹார்லனுக்கு முன்னால் ஒரு சிறு அறுவடை கிடந்தது.

நடந்தது இதுதான். முந்தைய மாதம் கிராண்ட் ஃபோர்க்ஸ் டாக்டர் அவன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "ஆலையில இருக்கறது போதாதுன்னு உள்ளேயும் மூட்டை கட்டி வெச்சிருக்கீங்களே ஹார்லன்" என்றார். சர்க்கரை, மைதா, டப்பாவில் வருவது, பொட்டலத்தில் வருவது எதுவும் கூடாது. இப்படியே போனால் முதலில் கண், பிறகு கால் என்று சொன்னார். ஹார்லன் எழுந்து நின்று டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, இனிமேல் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். அன்று வீட்டுக்கு வரும் வழியில் காரை நிறுத்தி இரண்டு சாக்லேட் வாங்கித் தின்றான். அதற்குப் பிறகும் தின்றுகொண்டுதான் இருந்தான். அந்த ஞாயிறு வரைக்கும் கை பொறுத்துக்கொண்டது.

ட்வைட் வீட்டில் அதிகம் பேசமாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஆர்டிஸ் சொல்லவேண்டியதையெல்லாம் சுட்டுத்தான் சொன்னாள். சண்டை போட்ட மறுநாள் பாதாம் கேக். பையன் மினியாபொலிஸுக்கு வேலைக்குப் போனபோது, அழுவதற்குப் பதிலாக, மூன்று அடுக்குச் சாக்லேட் கேக். ஹார்லனின் அம்மா இறந்த வாரம் இலவங்கப்பட்டை ரொட்டி. அதை அவன் சமையலறையில் நின்றுகொண்டே தின்றான், அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இருவருக்கும் அது போதுமாக இருந்தது. இப்போது அவள் சொன்னதெல்லாம் அவன் கை பட்டதும் எழுத்து எழுத்தாகக் கலைந்து போவதுபோல அவளுக்குத் தோன்றியது. அந்த வாரம் அடுப்பைத் துடைத்து மூடிவைத்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு தையல் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நவம்பரில் ஆலையில் விஷயம் பெரிதாயிற்று. கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தவன், மூக்கைச் சொறிவதற்காக ஒன்றைக் கழற்றிவிட்டு, மறந்துபோய்ப் பக்கத்து அடுக்கில் சாய்ந்துவிட்டான். அடுக்கு முழுவதும் கிழங்காயிற்று. ஒரு மூட்டைச் சர்க்கரைக்கு ஆறேழு மூட்டைக் கிழங்கு வேண்டும் என்பது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே கிடங்கின் கிழக்குச் சுவர் போயிற்று. மேலாளர் டுவேன் ஆஸ்ட்பி கிழங்குக் குவியல்மேல் ஏறி நின்றுகொண்டு, கோபப்படவும் முடியாமல், "ஹார்லன், இதைச் செய்யறதுக்கு எங்களுக்கு ரெண்டு மாசம் ஆச்சுப்பா" என்றார். அவனை வெளி முற்றத்துக்கு மாற்றினார்கள். அங்கே எல்லாம் ஏற்கெனவே கிழங்காகவே இருந்ததால் அவனால் யாருக்கும் தீங்கில்லை. எல்மர் ப்ரோடன் என்ற விவசாயி மட்டும் ஒரு வண்டிச் சர்க்கரையைக் கொண்டுவந்து, இதைக் கொஞ்சம் தொட்டுக் கொடு, விற்ற கிழங்கையே திரும்ப விற்றுக்கொள்கிறேன் என்று தனியாகக் கேட்டான். ஹார்லன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

டிசம்பரில் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் ஒரு பன்றி வந்தது. யாரோ தெரியாமல் ஹார்லன் கையில் பன்றி இறைச்சி வைத்த ஒரு ஹாட் டாக்கைக் கொடுத்ததால் வந்த வினை. முழுசாக ஒரே பன்றி என்று சொல்லமுடியாது. அதற்குள் பல பன்றிகள் போயிருந்தபடியால் ஒரு காது கறுப்பாகவும் ஒரு காது வெள்ளையாகவும் இருந்தது, முன்னங்கால்களைவிடப் பின்னங்கால்கள் நீளம். அது பனித்தளத்தில் வழுக்கிக்கொண்டே போய் எதிர் அணியின் கோல் வலைக்குள் புகுந்தது. நடுவர் யோசித்துவிட்டு அதைக் கணக்கில் எடுக்கவில்லை. உரிமை கொண்டாட யாரும் வராததால் பன்றி ட்வைட் வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது.

காபியை மட்டும் அந்தக் கை ஒன்றும் செய்யவில்லை. ஏன் என்று பாஸ்டர் உட்பட யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் போய்விடுமோ என்ற பயம்.

ஹார்லன் இளைத்தான். டாக்டருக்கு அதில் சந்தோஷம், வேறு யாருக்கும் இல்லை. காலையில் உருளைக்கிழங்கு, மதியம் முட்டை, மாலையில் மறுபடி உருளைக்கிழங்கு என்று தின்றுவிட்டு, கடையில் மிட்டாய் அலமாரிக்கு முன்னால் கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, வெளியூர் போன பிள்ளையின் போட்டோவைப் பார்ப்பதுபோல நின்றான். முள்கரண்டியால் தின்று பார்த்தான். கையுறையோடு தின்று பார்த்தான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கன்றுக்குட்டிபோலத் தட்டில் குனிந்தும் பார்த்தான். உதடு பட்டாலும் அதே கதைதான்.

ஜனவரியில், பனியை வாரிக்கொண்டு தெருவில் போன ஒருவன், வெர்னா ஸ்கோகன் வீட்டு ஜன்னல் வழியாக ஒரு காட்சியைக் கண்டான். ஹார்லன் நாற்காலியில் கண்ணை மூடி, அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வெர்னா அவன் வாயில் டோனட்டை ஊட்டிக்கொண்டிருந்தாள். வெர்னா புருஷனை இழந்தவள், நன்றாகச் சிரிப்பவள், அவள் டோனட்டைப் பற்றி யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. செய்தி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆர்டிஸிடம் வந்து சேர்ந்தது.

ஹார்லன் வீட்டுக்குள் வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் அவள் கேட்டாள்.

"வெர்னா கையால டோனட் தின்னியாமே."

"திங்கலை. வாயில வெச்சதும் கோதுமையாப் போச்சு."

"நான் அதையா கேட்டேன்?"

ஹார்லன் ஒற்றைக் காலில் நின்றான். இன்னொரு கால் பூட்ஸுக்குள் பாதியில் இருந்தது. "உதவி பண்றேன்னு அவதான் கூப்பிட்டா" என்றான்.

"ஏன், எங்கிட்டக் கேக்கறதுக்கென்ன?"

"உங்கிட்டக் கேட்டா நீ அழுவே. அவ அழமாட்டா. சிரிச்சா, அவ்ளோதான்."

"எவ்ளோ நேரம் சிரிச்சா?"

"நான் துப்பி முடிக்கற வரைக்கும்."

ஆர்டிஸ் கைத்துணியை நாற்காலி முதுகில் எறிந்தாள். "நாப்பது வருஷமா உனக்குச் சுட்டுப் போட்டிருக்கேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'நல்லாருக்கு ஆர்டிஸ்'னு உன் வாயிலேர்ந்து வந்திருக்கா? அவ வீட்டுல போய் வாயைப் பொளந்துட்டு உக்காந்தியே, அங்க என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. வாய் முழுக்கக் கோதுமை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. ஹார்லன் பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ சுட்டது என் கையில செத்துச் செத்துப் போறதைப் பாத்துட்டு நீ நின்னே பாரு, சர்ச்சுல. இன்னொரு தடவை அந்த மூஞ்சியப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அதான் அங்க போனேன்" என்றான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளமானது.

ஆர்டிஸ் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கொட்டகையில் பன்றி எதற்கோ கத்தியது. திரும்பி வந்தபோது இடுப்பில் கட்டும் சமையல் துணியைக் கட்டியிருந்தாள். "மேஜைகிட்ட வா. கையைக் கழுவிட்டு வா" என்றாள்.

அன்று மாலை வரை அவள் அலமாரியிலிருந்த ஒவ்வொன்றாக எடுத்து அவன் முன்னால் வைத்தாள், அவன் ஒவ்வொன்றாகத் தொட்டான். வெள்ளை மாவு கோதுமையாயிற்று. காலையில் பாலில் போட்டுத் தின்னும் சோள அவல் மக்காச்சோளக் கதிர்களாயிற்று, கூடவே சத்துக்காகக் கலந்திருந்த கொஞ்சம் இரும்புத்தூள். டப்பா சூப்பிலிருந்து ஒரு கோழி அரைகுறை இறகுகளோடு எழுந்து அவர்கள் இருவரையும் முறைத்தது. கடைப்பால் வெதுவெதுப்பாகி ஆடை கட்டியது. பாட்டிலில் வந்த வேர்க்கடலை வெண்ணெய் கடலையாகவும் கிழங்காகவும் பிரிந்தது. ஆனால் ஆர்டிஸ் அம்மிபோலிருந்த பழைய இயந்திரத்தில் தானே அரைத்த கடலை அப்படியே இருந்தது. தேன் அப்படியே இருந்தது. உலர்ந்த பேரீச்சை, அடுப்பில் சுட்ட ஆப்பிள், வெந்த பூசணி, எல்லாம் அப்படியே. ஆப்பிள் சாறு மட்டும் தோலும் விதையுமாக ஆப்பிள்களாகி மேஜையிலிருந்து உருண்டோடியது. ஆர்டிஸ் நாற்காலியில் சாய்ந்து, கையில் ஒரு பேரீச்சையை வைத்துக்கொண்டு, வெகுநேரம் யோசித்தாள்.

"சுடறதுல தப்பில்ல ஹார்லன். அரைக்கறதுலயும் தப்பில்ல" என்றாள் கடைசியில். "ஒண்ணுலேர்ந்து எதையாவது உருவி எடுத்துட்டாத்தான் அது திரும்பி வந்து நிக்குது. நீ வாக்குக் குடுத்த கை. வாயி பொய் சொல்லுச்சு, கை சொல்லலை."

"அப்போ கேக்?"

"முழுக் கோதுமையை நானே அரைக்கறேன். பேரீச்சை போடறேன். பாப்போம்."

பார்த்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் பார்த்தார்கள். முதல் கேக் கையில் நின்றது. ஆனால் அதை வைத்துக் கதவு ஆடாமல் முட்டுக் கொடுக்கலாம் என்று ஹார்லன் சொன்னான். கேரட் புட்டிங்கைப் பல் முளைக்காத குழந்தைக்குக் கொடுக்கலாம் என்றான். உலர்ந்த பிளம்பழத்தில் செய்த உருண்டை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மறுநாள் ஆலையில் அவன் நான்கு முறை முற்றத்தைவிட்டுக் கழிப்பறைக்கு ஓடவேண்டியிருந்தது. "இது இனிப்பில்ல ஆர்டிஸ், மருந்து" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். அவள் சளைக்கவில்லை. குறைசொல்கிறான் என்றால் சாப்பிடுகிறான் என்று அர்த்தம். நாற்பது வருஷத்தில் அவன் அவளுடைய சமையலைப் பற்றி இவ்வளவு பேசியதே இல்லை. பிப்ரவரியில் தலையணை தையல் அறையிலிருந்து திரும்பி வந்தது.

ஏப்ரலில் நிலம் இளகியதும், வைக்கோலுக்கடியில் குளிர் முழுக்கக் கிடந்த கேரட்டுகளைத் தோண்டுவதற்கு அவள் ஹார்லனை அனுப்பினாள். அவன் ஒன்றை எடுத்துக் கால்சட்டையில் துடைத்து, வேறு வேலையில்லாமல், ஒரு கடி கடித்தான். பிறகு ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆர்டிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாரடைப்பு என்று நினைத்துச் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"என்னாச்சு? நெஞ்சா? கையா?"

"இதுல என்ன போட்டே?" என்றான் அவன். கண் கலங்கியிருந்தது.

"என்னத்தப் போடறது? இப்பத்தானே மண்ணுலேர்ந்து எடுத்தே!"

"இவ்ளோ இனிப்பாவா இருக்கும் இது?"

அவள் வாங்கிக் கடித்துப் பார்த்தாள். நல்ல கேரட்தான், அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. ஆறு மாதம் சர்க்கரை படாமல் கிடந்த நாக்கு அவளுடையதல்லவே. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவனுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, அவன் மூன்று கேரட்டைத் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கடிக்குப் பிறகு அவன், "நல்லாருக்கு ஆர்டிஸ்" என்றான். கேரட்டைத்தான் சொன்னான். அவள் அதைத் தனக்கென்றே எடுத்துக்கொண்டாள்.

ஜூனில் ஆற்றோரப் புதர்களில் ஜூன்பெர்ரி பழுத்தது. ஆகஸ்டில் காட்டுப் பிளம். இலையுதிர் காலத்தில் லாரிகள் ஓடத் தொடங்கி, ஒவ்வொரு வளைவிலும் கிழங்குகள் சாலையில் சிந்திக்கிடந்தபோது, ஆர்டிஸ் ஒருநாள் காரை நிறுத்தி ஒன்றைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஊர் தோன்றிய காலத்திலிருந்து யாரும் அதை வீட்டு அடுப்பில் ஏற்றியதில்லை. அது ஆலைக்கானது, மாட்டுக்கானது. பச்சையாகக் கடித்தால் இனிப்போடு மண்ணும் சாக்குப்பையும் சேர்ந்து தொண்டையைப் பிடிக்கும். அவள் மண் போகக் கழுவி, துண்டு போட்டு, காட்டுப் பிளமும் ஆப்பிளும் கிராம்பும் சேர்த்து, கனத்த இரும்புச் சட்டியில் மூடி, காலை முதல் மாலை வரை சிறு தீயில் வைத்தாள். முதல் சட்டி பன்றிக்குப் போயிற்று. இரண்டாவதும் பன்றிக்குத்தான். அடுத்த சட்டியில் கிழங்கு கருஞ்சிவப்பாகி, ஓரங்களில் பாகு கட்டி, கரண்டி பட்டதும் விலகியது. ஹார்லன் ஒரு துண்டை விரலால் எடுத்தான். அது ஏற்கெனவே கிழங்குதான். திரும்பிப்போக அதற்கு இடமில்லை. நிதானமாகத் தின்றான். பிறகு சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

தேவாலயக் கூடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தபோது, முதலில் ஒருவரும் தொடவில்லை. "மாட்டுத்தீவனத்த சர்ச்சுக்கே கொண்டாந்துட்டாளா?" என்று யாரோ சொன்னது ஆர்டிஸின் காதில் விழத்தான் விழுந்தது. வெர்னா ஸ்கோகன் வந்தாள், ஒரு கரண்டி எடுத்தாள், மென்றாள். கூடம் பார்த்துக்கொண்டிருந்தது.

"மண் வாசனை அடிக்குது" என்றாள் வெர்னா. இன்னொரு கரண்டி எடுத்தாள். "லேசா அடிக்குது." தட்டை நிரப்பிக்கொண்டாள். "இதுல கொஞ்சம் விப்பிங் கிரீம் விட்டா..."

"ஹார்லன் பக்கத்துல உக்காராதே அப்போ" என்றாள் ஆர்டிஸ். "பாலாப் போயிடும். பாவாடையெல்லாம் நனைஞ்சுடும்." இரண்டு பெண்களும் சிரித்தார்கள். டோனட் விவகாரம் அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு வருஷங்கள் சாதாரணமாகப் போயின. ஹார்லன் ஓய்வு பெற்றான். கண் கண்ணாகவும் கால் காலாகவும் இருந்தன. டாக்டர் அவன் ரத்தத்தைப் பார்த்து, இயந்திரம் பழுதோ என்று இரண்டாம் முறை பார்த்தார். ஊர்க்காரர்கள் அவனைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். தாய்மார்கள் கடையிலிருந்து நேராக வந்து, இயற்கையானது, தூய்மையானது என்று அட்டையில் எழுதியிருந்த பொட்டலங்களை அவன் முன் நீட்டுவார்கள். அவன் சலித்துக்கொள்ளாமல் தொடுவான். பிள்ளைகள் தின்கிற வண்ண மிட்டாய் ஒன்று, சோளக்கதிராகவும் கிழங்காகவும் சாயமெடுக்கிற சில சிவப்புப் பூச்சிகளாகவும் ஒரு சொட்டுக் கச்சா எண்ணெயாகவும் ஆனதைக் கேள்விப்பட்டு, மாநிலத்தின் மேற்கிலிருந்து இரண்டு எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வந்து அவனிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு கொஞ்சத்துக்குக் கட்டுப்படியாகாது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பேத்தியின் கல்யாணத்தில் அவனைக் கேக்கிலிருந்து தள்ளி, கதவோரம், பாஸ்டருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்; அவனுக்கு அதில் வருத்தமில்லை, சட்டி அங்கேதான் இருந்தது.

ஆர்டிஸ் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. வியாழக்கிழமைகளில் அவளுக்குப் பக்கத்து ஊரில் பாட்டுப் பயிற்சி இருந்தது. ஒரு வியாழன் மாலை, வெயில் இன்னும் வயல்மேல் கிடக்க, அவள் வீட்டுக்கு வந்தபோது ஹார்லன் வாசற்படியில் நின்றிருந்தான். என்ன நினைத்தானோ, வழக்கமில்லாத வழக்கமாக, குனிந்து அவள் வாயில் முத்தமிட்டான். ஆர்டிஸின் வாய் முழுவதும் கோதுமையாயிற்று.

அவளால் பேச முடியவில்லை. ஹார்லன் உள்ளங்கையை நீட்டினான். அவள் துப்பினாள். கோதுமை, கொஞ்சம் கிழங்குத் தோல், ஒரு கொக்கோ விதை. அவன் அவற்றை விரலால் கிளறிப் பார்த்தான்.

"சாக்லேட் டோனட்டா?"

"ஆமா."

"பெட்ரோல் பங்க்ல வாங்கினதா?"

"ஆமா. எல்லா வியாழனும்." அவள் கண்ணை நேராக அவன்மேல் வைத்தாள். "கார்ல உக்காந்து தின்னுட்டுத்தான் வருவேன்."

ஹார்லன் கோதுமையைக் கோழிகளுக்கு வீசினான். விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னும் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. சீட்டுல."

"போய்த் தின்னுட்டு வா. வாயைத் தொடச்சுக்கோ" என்றான். "நான் காபி போடறேன்."

அவன் உள்ளே போனான். அவள் காருக்குத் திரும்பி நடந்தாள்.